பணி ஓய்வுக்கு முன் வீட்டில் ஒரு வாரம்: பல முறை பழகிப் பார்த்த அனுபவம்

எனக்குப் பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருக்கிறது. சில ஆண்டுகளாகவே நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண வாரமாகப் பார்த்து, திங்கள் முதல் வெள்ளி வரை லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பது. பயணம் கிடையாது, விருந்தாளிகள் கிடையாது, "லீவுதானே, இதை முடித்துவிடலாம்" என்று யாரும் தூக்கித் தரும் வேலையும் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு என் நாட்கள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இதைத் தொடங்கினேன். இப்போது அந்த வாரத்துக்காகவே காத்திருக்கிறேன். இதே கட்டத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், எது நன்றாக இருந்தது, எது சரிப்படவில்லை என்று எழுதுகிறேன்.

எந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். நான் கணக்குப் பிரிவில் இருப்பவள், அதனால் மாதக் கடைசியும் முதல் வாரமும் எனக்கு ஆகாது. பண்டிகையை ஒட்டிய வாரமும் வேண்டாம், அது வீட்டில் இருப்பது ஆகாது, வீட்டில் வேலை செய்வது ஆகிவிடும். மாத நடுவில், பள்ளி, ஆபீஸ் எல்லாம் வழக்கம்போல நடக்கிற ஒரு வாரமாக இருந்தால்தான் ஓய்வுக்குப் பிந்தைய வாரத்தின் உண்மையான சாயல் அதில் தெரியும். ஆபீஸ் மெயிலை அந்த ஐந்து நாளும் போனிலிருந்து எடுத்துவிடுவேன். அறிவிப்பை மட்டும் அணைத்து வைத்தால் போதாது, கை தானாகவே போய்த் திறந்துவிடும்.

காலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வாரத்தின் மிகப்பெரிய சந்தோஷம் அதில்தான் இருக்கிறது. அலாரம் வைப்பதில்லை. திங்கட்கிழமை வழக்கத்தைவிடத் தாமதமாக விழிப்பு வரும், செவ்வாயும் அப்படித்தான், அப்புறம் வாரத்தின் பின்பாதியில் உடம்பு தனக்கென்று ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலை நாளில் ஒரு நேரத்துக்கும் விடுமுறை நாளில் வேறு நேரத்துக்கும் தூங்கி எழுவதால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் குழம்புவதை 'சோஷியல் ஜெட்லாக்' என்கிறார்கள். டில் ரோனிபெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006இல் இந்தப் பெயரைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பயணமே போகாமல் வாராவாரம் வருகிற களைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலையில் எனக்கு வரும் அந்தச் சோர்வு மனக்கவலையால் வருவது என்றே நினைத்திருந்தேன், அதில் தூக்கத்தின் பங்கும் இருந்திருக்கிறது என்று இந்த வாரங்களில்தான் புரிந்தது. ஐந்து நாளும் ஒரே மாதிரி தூங்கி எழுந்தால் சனி, ஞாயிறும் அதே நேரத்தில் கண் திறக்கிறது, மாலையிலும் தெளிவாக இருக்கிறது.

விழித்ததும் நேராக ஜன்னலுக்கோ வாசலுக்கோ போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்பின் கடிகாரத்தை அன்றைக்குச் சரிசெய்து வைக்கிறது. பறவைகளும் அந்த நேரத்தில்தான் அதிகம் சத்தம் போடுகின்றன. வேலை நாட்களில் அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் நான் சாவியையும் பையையும் தேடிக்கொண்டிருப்பேன். இப்போது எந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்க முடிகிறது. வேறொன்றும் செய்வதில்லை. அது போதுமானதாக இருக்கிறது.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. என் கணவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். வாரநாட்களில் இந்த வீடு அவருடையது என்பது முதல் முறை லீவு போட்டபோதுதான் தெரிந்தது. அவருக்கென்று ஒரு நாள் ஒழுங்கு இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த ஜன்னல், எப்போது செடிக்குத் தண்ணீர், எந்த நாற்காலி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதுவரை. நான் சுறுசுறுப்பாக எழுந்து அலமாரியைக் கலைத்து அடுக்க ஆரம்பித்தால் அவர் எதுவும் சொல்லமாட்டார், ஆனால் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் காலையில் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நல்லா காத்து வருதே, ஏன் சாத்துறீங்க?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் நேரா உள்ள வந்துடும். பின்னாடி ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன், அங்க வந்து உட்காரு."

போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரி. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது, அதனால் வீட்டுக்குள் வெளிச்சம் விழும் இடம் கண்ணெதிரிலேயே மாறிக்கொண்டே இருக்கிறது. எத்தனையோ வருடமாகக் குடியிருக்கும் வீட்டில், நண்பகலுக்குச் சற்று முன்னால் எந்த மூலை படிக்க ஏற்றது என்று எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. இருவரும் ஒரே வீட்டில் ஓய்வில் இருக்கப்போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது முன்கூட்டிப் பழகிப் பார்க்க வேண்டும் என்பேன். முதலில் போனவர் அமைத்துக்கொண்ட நாளுக்குள் இரண்டாவதாகப் போகிறவர் நுழைகிறோம். கேட்டு நுழைவது நல்லது. நாங்கள் இப்போது காலைப் பொழுதை அவரவர் போக்கில் விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டில் சந்திக்கிறோம். அதுவரை அவர் என்ன செய்தார், நான் என்ன செய்தேன் என்று பேச விஷயமும் இருக்கிறது. நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மாலையில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது.

சின்ன வேலைகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, பிடியைக் கழற்றி, தேய்ந்துபோன ரப்பர் வாஷரை எடுத்துவிட்டுப் புதிதை வைப்பது கொஞ்ச நேர வேலைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் அதைச் செய்யும்போது மனம் அடுத்த வேலைக்கு ஓடிவிடும், புதன்கிழமை காலையில் செய்யும்போது குழாய் மட்டும்தான் முன்னால் இருக்கிறது. பழைய புகைப்படங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றின் பின்னாலும் மென்மையான பென்சிலால், படத்தில் இருப்பவர் பெயர், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று எழுதி வருகிறேன் (பேனா மை சில படங்களில் ஊடுருவி முன்பக்கம் வந்துவிடும், அழுத்தி எழுதினால் தடம் பதியும், அதனால்தான் பென்சில்). பெயர் நினைவுக்கு வராவிட்டால் சொந்தக்காரர் யாருக்காவது போன் போட வேண்டியிருக்கும், அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் நீளும். இந்த வேலை எப்போது முடியும் என்று தெரியாது, முடிய வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை.

சரி, சரிப்படாததையும் சொல்கிறேன். வாரத்தின் நடுவில் ஒரு பிற்பகல் வெறுமையாக வரும். ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. காலை வேலைகள் முடிந்துவிடும், மாலை இன்னும் வராது, புத்தகத்தில் மனம் நிற்காது, கை போனை எடுத்துக்கொள்ளும், அப்புறம் பார்த்தால் பொழுது போயிருக்கும், என்ன பார்த்தோம் என்பது நினைவில் இருக்காது. இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஊரில் 1930களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடிவிட்டது. மரி யஹோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் ஆகியோர் குழுவாக அங்கே போய் மக்களின் அன்றாடத்தைக் கவனித்து எழுதினார்கள். நேரம் ஏராளமாக இருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் அப்படி இல்லை, ஆலை வேலை போனாலும் வீட்டு வேலை போகவில்லையே, அவர்கள் வேகமாகத்தான் நடந்தார்கள். பின்னாளில் யஹோடா, சம்பளத்தைத் தாண்டி வேலை நமக்குத் தருவது என்ன என்று வரிசைப்படுத்தினார்: நாளுக்கு ஒரு வடிவம், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், தொடர்ந்து ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டிய கட்டாயம். வேலையை இழப்பதும் ஓய்வு பெறுவதும் ஒன்றல்ல, அவர்கள் பட்டது வறுமையும்தான். ஆனாலும் அந்த வெறுமையான பிற்பகலில் என்னிடம் இல்லாமல் போனது எது என்று இந்தப் பட்டியலைப் பார்த்ததும் புரிந்தது. நாளுக்கு வடிவம் இல்லை, வெளி மனிதர்கள் இல்லை.

அதனால் இப்போது பிற்பகலில் நேரம் குறித்த ஒரே ஒரு வேலையை வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒன்று, வீட்டுக்கு வெளியே, யாராவது எதிர்பார்த்துக் காத்திருப்பதாக. ஒரு நாள் நூலகம், இன்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குப் பாடம், மற்றொரு நாள் பழைய தோழியோடு நடை. ஒன்றுக்கு மேல் போனால் அது ஆபீஸ் நாளாகிவிடுகிறது, ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த வெறுமை வந்துவிடுகிறது. இந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் பல வாரங்கள் பிடித்தன, இதுவரை நடந்த பழக்கத்தில் உருப்படியாகக் கிடைத்தது இதுதான்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வேலை வாரத்தில் இதைத் திட்டம் போட்டு, கணக்கு வைத்து, பாதியில் கைவிட்டவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் இருக்கும் வாரத்தில் நூலகத்துக்கு நடந்து போய், நடந்து வந்து, தோழியோடு ஒரு சுற்றுச் சுற்றினாலே அது தானாக நிறைந்துவிடுகிறது. மதியத் தூக்கம் அரை மணிக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் எழுந்ததும் தலை கனக்கிறது, இரவுத் தூக்கமும் கெடுகிறது.

பணம். பலரும் தவிர்க்கும் பகுதி இது. அந்த வாரம் முழுக்க, ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் கையில் வரப்போகும் தொகையை நான்காகப் பிரித்து அதற்குள் வாழ்ந்து பார்ப்பேன். போக்குவரத்துச் செலவு குறைகிறது, ஆபீஸில் மாறி மாறி யாருக்காவது கொடுக்கும் பரிசுப் பங்கு இல்லை, அவசரத்தில் வெளியில் வாங்கிச் சாப்பிடுவது இல்லை. மின்சாரம் கூடுகிறது, பொழுதுபோகாத நேரத்தில் இணையத்தில் எதையாவது வாங்கும் ஆசையும் கூடுகிறது. அந்த ஆசை பெரும்பாலும் மேலே சொன்ன வெறுமையான பிற்பகலில்தான் வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். வைத்தியச் செலவு போன்ற பெரிய விஷயங்களை ஒரு வாரம் காட்டாது, அதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்று மனதுக்குத் தெரியும். ராபர்ட் அட்ச்லி என்ற சமூகவியலாளர் 1970களில் ஓய்வுக் காலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். தொடக்கத்தில் தேனிலவு போல ஒரு காலம், பிறகு சலிப்பு தட்டும் காலம், அப்புறம்தான் தனக்குப் பொருந்தும் வழியைத் தேடிக்கொள்வதும் நிலைபெறுவதும். எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் வரவேண்டும் என்றில்லை. ஆனால் ஐந்து நாளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதல் கட்டத்தைத்தான். கூடுதல் லீவு சேர்ந்திருப்பவர்கள் இரண்டு, மூன்று வாரமாக எடுத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் தெரியாதது அதில் தெரியும்.

ஆபீஸிலேயே உயிராக இருப்பவர்களுக்கும், வீட்டில் இணை முன்பே ஓய்வு பெற்றிருப்பவர்களுக்கும் இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். பராமரிக்க வேண்டிய சின்னக் குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ உள்ள வீட்டில் இது இப்படி நடக்காது. அவர்களுக்கு அரை நாளாவது வேறொருவர் பொறுப்பேற்றுக்கொண்டால்தான் இதில் ஏதாவது கிடைக்கும்.

நான் இன்னும் பழகிப் பார்க்காதது தனியாக இருக்கும் வாரம். அடுத்த மாதம் என் கணவர் அவருடைய தங்கை வீட்டுக்குப் போகிறார். அதே நாட்களுக்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜன்னல் நேரங்களையெல்லாம் அவர் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.