கேம்பஸ் வாசலா, நகர ஓரமா, நடுவிலா: மூன்றிலும் குடியிருந்து பார்த்தாச்சு

ஐந்து வருடப் படிப்பில் மூன்று பகுதிகளில் வாடகைக்கு இருந்திருக்கிறேன். முதல் வருடம் பல்கலைக்கழக வாசலை ஒட்டிய மாணவர் பகுதி, அடுத்த வருடம் நகரத்தின் ஓரம், அதற்குப் பிறகு இன்றுவரை கேம்பஸிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, குடும்பங்களும் வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் கலந்து இருக்கிற ஒரு பகுதி. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசல் பகுதிக்கு ஐந்துக்கு இரண்டு, நகர ஓரத்துக்கு இரண்டரை, நடுவில் இருப்பதற்கு நாலு. வீடு தேடும்போது எல்லாரும் அறையைப் பார்க்கிறார்கள், வாடகையைக் கேட்கிறார்கள், மேப்பில் தூரத்தை அளக்கிறார்கள். அந்தத் தெருவின் ராத்திரி எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

வாசல் பகுதியின் நல்லதைச் சொல்லியே ஆக வேண்டும். எட்டரை மணி வகுப்புக்கு எட்டு மணிக்கு எழுந்தாலும் போய்ச் சேரலாம். இரண்டு வகுப்புக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடலாம். பிரிண்ட் எடுக்கும் கடை, பழைய புத்தகக் கடை, நடுராத்திரியிலும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில். தெரியாத ஊருக்குத் தனியாக வந்து இறங்கும் முதல் வருடத்துக்காரருக்கு, படிக்கட்டில் ஏறி இறங்கும்போதே பேச ஆள் கிடைப்பது சின்ன விஷயமில்லை. இன்றைக்கும் எனக்கு நெருக்கமான மூன்று பேர் அந்தக் கட்டடத்தில் கிடைத்தவர்கள்தான். அந்த இரண்டு மதிப்பெண்ணும் அவர்களுக்காக.

மற்றதெல்லாம் ராத்திரியில் போனது. படுக்கையறைக்குள் சராசரி 30 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது, திடீரென்று எழும் சத்தம் 45 டெசிபலைத் தாண்டினாலே தூக்கம் கெடும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் வரும். அப்படியென்றால் ஜன்னலுக்குக் கீழே நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு போனாலே போதும், பாட்டுக் கச்சேரி எதுவும் தேவையில்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் வருகிறார்கள். பிரச்சினை என்னவென்றால் ஒவ்வொரு துறைக்கும் பரீட்சை ஒவ்வொரு நாளில் முடிகிறது, அதனால் ஏதாவது ஒரு கூட்டத்துக்கு எப்போதும் கொண்டாட்டம் இருந்துகொண்டே இருக்கும், நாம் மறுநாள் காலைப் பரீட்சைக்காக விழித்திருக்கும் ராத்திரி உட்பட. அந்த வருடம் நான் தூங்கியதைவிடக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்ததுதான் அதிகம், மதிப்பெண் பட்டியலிலும் அது தெரிந்தது.

அப்புறம் வீடுகளின் நிலைமை. ஒரு குடும்பம் வாழக் கட்டிய வீட்டைப் பலகைச் சுவர் வைத்து ஆறு அறையாகப் பிரித்திருந்தார்கள், குளியலறை ஒன்றுதான். குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் மூன்று மாதம் சொன்னேன். நாங்கள் காலி செய்தால் அடுத்த கல்வியாண்டுக்கு ஆள் வரிசையில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும், அவர் எதற்கு அவசரப்பட வேண்டும்? இது ஒரு தனி ஆளின் குணம் மட்டுமில்லை. பிரிட்டனில் புவியியல் ஆய்வாளர்கள் இதற்கு 'மாணவர்மயமாதல்' என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்து, 2000-களின் தொடக்கத்திலிருந்து எழுதிவருகிறார்கள், லீட்ஸ் நகரத்தின் ஹெடிங்லி பகுதி அதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம். மாணவர்கள் பெருகப் பெருக வீடுகள் வாடகைக்கென்றே வாங்கப்படுகின்றன, குடும்பங்கள் வெளியேறுகின்றன, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், கடைகளும் மாணவர்களை மட்டும் நம்பி மாறிவிடுகின்றன. கடைசியில் அந்தத் தெருவின் நாளைய நிலைமை பற்றிக் கவலைப்படுகிற ஆளே அங்கே இருப்பதில்லை, எல்லாரும் ஒரு வருடத்தில் கிளம்புகிறவர்கள். விடுமுறை வந்தால் தெருவே காலி, பாதிக் கடைகள் மூடியிருக்கும், ஆய்வு வேலைக்காகத் தங்கிவிட்ட எனக்கு ராத்திரி நடந்து வரவே பயமாக இருந்தது.

வாடகைச் சண்டை பல்கலைக்கழகங்களுக்குப் புதிதும் இல்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு 1231-ல் போப் ஒன்பதாம் கிரிகோரி கொடுத்த சாசனத்திலேயே தங்குமிடத்துக்கு வாடகை நிர்ணயிக்கும் விஷயம் இருக்கிறது. அதை மறுத்தால் பாடம் நடத்துவதையே நிறுத்திவைக்கலாம் என்றும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது, மாணவர்களின் குடியிருப்பைப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பாக நினைத்த ஒரு காலம் இருந்திருக்கிறதே என்று ஏக்கமாக இருந்தது.

நகர ஓரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரிய அறை, நல்ல காற்று, அமைதி, வாடகையும் குறைவு. ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். நான் அதைப் போல இரண்டு மடங்கு செலவழித்தேன், உடம்பு அதைக் கணக்கு வைத்துக்கொண்டது. வகுப்பு முடிந்ததும் நண்பர்கள் உட்கார்ந்து பேசும் நேரம்தான் பாடம் உண்மையில் புரியும் நேரம், அப்போது நான் ரயிலில் நின்றுகொண்டிருப்பேன். குறைந்த வாடகையில் மிச்சமானதில் பாதி பயணச்சீட்டுக்குப் போனது.

இப்போது இருக்கும் இடத்துக்கு வருகிறேன். மூன்று கிலோமீட்டர் என்றால் நிதானமாக நடந்தாலும் நாற்பது நிமிடம், சைக்கிளில் பதினைந்துக்குள். பஸ் நின்றுபோனாலும் வீடு போய்ச் சேரலாம் என்பதுதான் அந்தத் தூரத்தின் அருமை. பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று பாருங்கள், தூரத்தைவிட அது முக்கியம். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போனால், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உள்ள ரூட்டில் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்போம், அரை மணிக்கு ஒன்று என்றால் பதினைந்து நிமிடம். மேப்பில் பக்கத்தில் தெரியும் வீடு இந்தக் கணக்கில் தூரமாகிவிடும்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். பத்து மணிக்கு மேல் தெரு தானாகவே அடங்குவதற்கு அவரைப் போன்றவர்கள் இருப்பதுதான் காரணம். தெருவிளக்கு அணைந்தால் யாராவது புகார் கொடுக்கிறார்கள், நான் இரண்டு நாள் கண்ணில் படவில்லையென்றால் கதவைத் தட்டி "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார். காய்ச்சலில் தனியாகக் கிடந்தபோது அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பகலில் ஒரு தடவை பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு வெள்ளி அல்லது சனி ராத்திரி பதினொரு மணிக்குப் போய், பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். முடிந்தால் மழைக்கு மறுநாளும் போங்கள், தண்ணீர் தேங்குகிறதா, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். இப்போது அங்கே இருக்கிறவரிடம், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஏன் காலி செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து எடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஒருவர் சொல்லாமல் கிளம்பிப் போனாலும் அவருடைய பங்கு வாடகை மற்றவர்கள் தலையில்தான் விழும். முதல் வீட்டில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது, அதைக் கட்டி முடிக்க ஐந்து மாதம் பிடித்தது.

சரி, நாலு மதிப்பெண்ணில் நின்றதற்குக் காரணம், நூலகம் பதினொன்றுக்கு மூடுகிறது, என் ரூட்டில் கடைசி பஸ் பத்து ஐம்பதுக்கு. பரீட்சை வாரத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஓட வேண்டும், ஓட மனமில்லாத நாட்களில் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும்.