மதிப்பெண் அட்டைக்கு முன்பாக வரும் கோப்பு: ஓராண்டு அனுபவம்

எங்கள் மகள் நான்காம் வகுப்பு படிக்கும் பள்ளி, சென்ற கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் மதிப்பெண் அட்டையைத் தவிர, பிள்ளையின் பண்பையும் பிறரோடு பழகும் விதத்தையும் பதிவு செய்யும் ‘வளர்ச்சிக் கோப்பு’ ஒன்றையும் தருகிறது. பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி தேடுவோருக்குப் பயன்படலாம் என்பதால், அதைப் பற்றிய என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கோப்பின் உயிர், ஆசிரியர் தேதியிட்டு எழுதும் குறிப்புகளில் இருக்கிறது. அட்டையால் பாலம் கட்டும் குழுவேலையில் பாலம் இரண்டு முறை சரிந்ததாகவும், மூன்றாம் முறை தொடங்கும் முன் அதுவரை வாய் திறவாதிருந்த மாணவனிடம் “நீ எப்படிச் செய்வாய்?” என்று எங்கள் மகள் கேட்டதாகவும், அவன் சொன்னபடி அட்டையை மடித்துப் பார்த்ததாகவும் முதல் பருவக் குறிப்பு ஒன்று கூறியது. வீட்டில் தம்பியைப் பேசவே விடாதவள் அவள். நானும் கணவரும் அந்த மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

கோப்பு வந்து பத்து நாள் கழித்தே மதிப்பெண் அட்டை வருகிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் திறனும் மேம்பட்டன. மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது (பெற்றோரின் கண்ணும்தான்). இப்படிப் பண்புகளை வளர்ப்பதில் பள்ளி நேரம் செலவிட்டால் படிப்பு கெடும் என்று என் மாமனார் அஞ்சினார். உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்து, 2,70,034 மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வோ, அத்திட்டங்களில் பயின்றவர்கள் பாடத் தேர்ச்சியிலும் 11 பர்சென்டைல் புள்ளிகள் (நூறு பேரை வரிசைப்படுத்தினால் ஏறத்தாழ 11 இடங்கள்) முன்னேறியிருந்ததாகக் கண்டது.

இரண்டாம் பருவத்தில் கோப்பு சறுக்கியது. பொறுப்புணர்வு, பரிவு, விடாமுயற்சி ஆகியவற்றுக்கு ஐந்துக்கு எத்தனை என்று கட்டம் போட்டுவிட்டார்கள். அன்று மாலையே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் யார் பிள்ளைக்கு எதில் ஐந்து என்ற விசாரிப்பு தொடங்கிவிட்டது. “எனக்குப் பரிவு மூணுதானாம்மா?” என்று கேட்ட மகளுக்கு என்னிடம் பதில் இல்லை. குறிப்பும் “குழுவில் நன்கு ஒத்துழைக்கிறாள்” என்று ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. அவளுடைய வகுப்பில் படிக்கும் அடுத்த வீட்டுப் பையனின் கோப்பிலும் அதே வரி, பெண்பால் விகுதிகூட மாறாமல் இருந்தது. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கவனிக்கும் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறிப்பெழுத அவருக்குத் தனி நேரம் ஒதுக்காதது நிர்வாகத்தின் தவறு.

பலர் முறையிட்ட பின், மூன்றாம் பருவத்தில் பிள்ளைக்கு இரண்டு குறிப்புகளாவது முழுமையாக வந்தன. கட்டத்தை மட்டும் இன்னும் நீக்கவில்லை. அந்த இரண்டு குறிப்புகளுக்காகவே இக்கோப்பை வரவேற்கிறேன். இதுபோன்ற கோப்பு உண்டு என்று ஒரு பள்ளி சொன்னால், சேர்க்கைக்கு முன் பெயரை மறைத்த பழைய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் தேதியும் நடந்த நிகழ்ச்சியும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்.