இன்ஜினைப் பிரித்துப் பார்த்துத் தரும் பட்டறை

பழைய இன்ஜினைக் கழுவி பெயின்ட் அடித்துத் தலையில் கட்டுகிறவர்கள்தான் அதிகம். இங்கே முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேஜ் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டர் மட்டும் குறைவு. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தும் கேஜ் முள் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து முள் ஏறியிருக்கும். "அப்போ ரிங் இல்ல சார், வால்வு, இல்லேன்னா கேஸ்கட்" என்றார் மெக்கானிக். சிலிண்டர் மூடியான ஹெட்டை (அதற்கடியில் இருக்கும் அடைப்புத் தகடுதான் கேஸ்கட்) கழற்றினால், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஒரு பக்கம் எரிந்து அரித்திருந்தது. கையிலேயே கொடுத்துக் காட்டினார்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்தும் பார்த்தார்கள். கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீலை இப்போதே மாற்றியது ரொம்ப சரி. வண்டியில் ஏற்றிய பிறகு ஒழுகினால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

குறை? சொன்ன தேதிக்குத் தரமாட்டார்கள். எடுத்த அளவுகளையும் நச்சரித்துத்தான் எழுதி வாங்கினேன்.