டெஸ்ட்டிஸ்க்: தொலைந்த பார்ட்டிஷனுக்கு நல்ல துணை, பழுதான டிஸ்க்குக்கு மருந்தல்ல

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பார்ட்டிஷன்கள் (சி, டி என்று பிரித்துவைத்த பகுதிகள்) காணாமற்போனால் பலரும் முதலில் நாடும் இலவச மென்பொருள் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. தனக்குரிய வேலையை இவ்வளவு நாணயமாகச் செய்யும் கருவிகள் குறைவு. ஆனால் அந்த வேலை எதுவென்று அறியாமல் இயக்குவோர் மிகுதி என்பதால் அதை விளக்கியாக வேண்டும்.

எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்பதை டிஸ்க்கில் உள்ள ஓர் அட்டவணை குறித்துவைக்கிறது. பழைய எம்பிஆர் முறையில், டிஸ்க்கின் முதல் செக்டரான (செக்டர் என்பது டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதி) 512 பைட்டுகளுக்குள், வெறும் 64 பைட்டுகள் கொண்ட இந்த அட்டவணையில் நான்கு பார்ட்டிஷன்களின் தொடக்கமும் அளவும் அடங்கிவிடுகின்றன. அந்த ஒரு செக்டர் கெட்டாலே, கோப்புகள் அனைத்தும் அப்படியே இருக்க, முழு டிஸ்க்கும் காலி இடமாகக் காட்சியளிக்கும். புதிய ஜிபிடி முறை அட்டவணையின் நகலை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

டெஸ்ட்டிஸ்க் அட்டவணையை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஒவ்வொரு கோப்பு முறைமையும் (பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விட்டுச்சென்ற தடயங்களைத் தேடி, பார்ட்டிஷன்களின் எல்லைகளை மீண்டும் கணிக்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், பூட் செக்டர் எனப்படும் தன் முதல் செக்டரின் நகலைப் பார்ட்டிஷனின் இறுதியில் வைத்திருப்பது இதற்குப் பெரிதும் உதவுகிறது. 'அனலைஸ்', பிறகு 'குவிக் சர்ச்' கொடுத்தால் பட்டியல் வருகிறது. அதில் ஒரு வரியைத் தேர்ந்து 'பி' விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புறைகளின் பெயர்களே தெரிகின்றன. சரியான பார்ட்டிஷன்தானா என்று உறுதி செய்துகொள்ள இதைவிட நல்ல வழியில்லை. 'ரைட்' கொடுத்து உறுதிப்படுத்தும்வரை அட்டவணையில் எதுவும் மாறுவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த குணம்.

குறையும் உண்டு. மவுஸுக்கு இடமில்லாத கறுப்புத் திரை புதியவர்களை மிரட்டும். எப்போதோ அழித்த பழைய பார்ட்டிஷன்களின் எச்சங்களும் பட்டியலில் கலந்து வருவதால், எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது.

டிஸ்க்கே உடல்ரீதியாகப் பழுதாகியிருந்தால் கதை வேறு. சி, டி, இ என்று எத்தனை பிரித்தாலும் அவற்றைப் படிப்பவை டிஸ்க்கின் உள்ளே உள்ள அதே ஹெட்டுகள் (படிக்கும் முனைகள்) தான். படங்களின் ஒரே பிரதியை டி டிரைவில் வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுவது வீண் நம்பிக்கை. பேட் செக்டர்கள் (படிக்க முடியாமல் கெட்டுப்போனவை) ஓரிடத்தில் மட்டும் இருந்தால் ஒரு பார்ட்டிஷன் தடுமாறி மற்றவை நன்றாகத் திறக்கும். ஹெட் போனால் எல்லாமே ஒன்றாகப் போகும். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தரவு மீட்பு ஆய்வகத்தை நாடுவதே முறை.

டிஸ்க் இன்னும் சத்தமின்றிச் சுழன்று, டிஸ்க் தன் நிலையைத் தானே தெரிவிக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பெண்டிங் செக்டர்' (படிக்கத் தடுமாறும் செக்டர்கள்) எண்ணிக்கை மட்டும் ஏறிவந்தால், விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான செக்டிஸ்க்கையும் டெஸ்ட்டிஸ்க்கையும் அதன்மேல் நேரடியாக ஓட்டக் கூடாது. முதலில் குனூ டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு வேறொரு டிஸ்க்கில் ஒரே கோப்பாக முழு நகல் எடுக்க வேண்டும். அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முன்னதாக எடுத்து, கெட்ட இடங்களைக் கடைசிக்கு ஒதுக்குகிறது. டெஸ்ட்டிஸ்க் அந்த நகல் கோப்பையே டிஸ்க்காக ஏற்றுத் திறக்கும். அங்கும் 'ரைட்' கொடுப்பதற்கு முன், பட்டியலில் தெரியும் முக்கியமான கோப்புகளை 'சி' விசையால் மூன்றாவது ஓர் இடத்துக்கு எடுத்துவைத்துவிடுங்கள்.