பெட்டிப் படத்துக்கு அப்பால்: பிளாஸ்டிக் விமானக் கிட்டின் அளவும் பூர்வீகமும்

விமானக் கிட் (ஒட்டிச் சேர்க்கும் மாதிரி விமானப் பாகங்கள்) வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது பேனல் கோடுகளை, அதாவது விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகளைத்தான். கோடு பள்ளமாக, மெல்லிசாக இருந்தால் நல்ல கிட். மேடாக இருந்தால் பழைய கிட், தள்ளி வை. பல கம்பெனிகளின் கிட்களைப் பல வருடம் அளந்து, ஒட்டி, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழ் என்பது விளங்கிவிடும். மேட்டுக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஊசியால் புதுக்கோடு கீறிக்கொள்ளலாம். பொறுமை இருந்தால் சில மாலைகளில் முடிகிற வேலை. இறக்கையின் அகலமே தப்பு, மூக்கின் வளைவே தப்பு என்றால் அதற்கு மருந்து கிடையாது. சக்கரம், ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் நடுவே உள்ள கூம்பு மூடி), காக்பிட் எல்லாம் ரெசினில் தனியாக வாங்கலாம். இறக்கை தனியாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் வடிவத்தை முதலில் பாருங்கள், கோட்டைக் கடைசியில் பாருங்கள்.

இதற்குக் கருவிகள் நான்கு போதும்: 300 மி.மீ. எஃகு ஸ்கேல், 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியர், தட்டையான ஒரு கண்ணாடித் துண்டு, மாஸ்கிங் டேப். நாள்பட்ட புழக்கத்தில் வெர்னியரைவிட ஸ்கேல்தான் அதிகம் கைக்கு வரும். 1/72 விகிதத்தில் (நிஜத்தின் 72-இல் ஒரு பங்கு) செய்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 156 மி.மீ.; 150 மி.மீ. வெர்னியரின் வாய் அவ்வளவு திறக்காது. சக்கர விட்டம், புரொப்பெல்லர், வால் இறக்கை, இறக்கையின் பின்விளிம்புத் தடிப்பு ஆகியவற்றுக்கு வெர்னியர். பேட்டரி தளர்ந்து எண்கள் மின்னத் தொடங்கினால் அந்த அளவை எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் வாயை மூடிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: எஃகு வாய் மெத்தென்ற பிளாஸ்டிக்கை அமுக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே 0.1 மி.மீ. குறைந்துவிடும். 9 மி.மீ. சக்கரத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் மேல். தொட்டதும் நிறுத்துங்கள், மூன்று முறை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் முறையைத் தெரிந்த ஒரு விமானத்தில் காட்டினால் சுலபமாகப் புரியும். ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் இறக்கை நீளம் 36 அடி 10 அங்குலம், அதாவது 11.23 மீட்டர். உடல் நீளம் 29 அடி 11 அங்குலம், 9.12 மீட்டர். 1/72-இல் வகுத்தால் 155.9 மி.மீ., 126.6 மி.மீ. கிட்டில் கீழ் இறக்கை பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். அதன் சரிவைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து நுனிக்கு ஸ்கேலைப் படியவைத்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. புத்தகத்தில் இருப்பது மேலிருந்து பார்க்கும் அளவு. ஸ்பிட்ஃபயர் இறக்கை உடலிலிருந்து 6 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. சரிவோடு அளந்தால் இரு பக்கமும் சேர்த்து முக்கால் மில்லிமீட்டர் கூடுதலாக வரும். துண்டைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு நுனியிலிருந்தும் மூலைமட்டம் வைத்துக் கீழே பென்சில் புள்ளி போட்டு, புள்ளிகளுக்கு இடையே அளப்பதே சரி. உடல் நீளத்துக்கு இரண்டு பாதியையும் டேப் போட்டு இணைத்து, சுக்கானையும் ஸ்பின்னரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சுக்கான் தனித் துண்டாக வரும் கிட்டில் அதை மறந்துவிட்டு "நீளம் குறைவு" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம்? ஒரு சதவீதம். 1/72 ஸ்பிட்ஃபயரில் அது ஒன்றரை மில்லிமீட்டர். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் அச்சில் ஆறும்போதே சுமார் அரை சதவீதம் சுருங்கும். அச்சு செய்கிறவர் அதைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாக வெட்டுவார். அந்தக் கணக்கில் சின்னச் சறுக்கல் வருவது இயல்பு. ஆனால் சதவீதத்தைவிட முக்கியம், பிழை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. நீளம், அகலம், வால், சக்கரம் எல்லாமே 2 சதவீதம் கூடுதல் என்றால் அந்தக் கிட் கொஞ்சம் பெரிய விகிதத்தில் உள்ள சரியான விமானம். தனியாக அலமாரியில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இறக்கை நீளம் அச்சு அசலாக இருந்து, அகலம் மட்டும் 3 சதவீதம் குறைந்தால் மூன்றடி தள்ளி நின்றாலும் ஏதோ உறுத்தும்.

இதற்குத் துல்லியமான உதாரணம் எடுவார்ட் நிறுவனத்தின் 1/48 மெசர்ஷ்மிட் 109 ஜி-6. 2014-இல் வந்த முதல் கிட் 1/48 விகிதத்துக்குப் பெரியதாக இருந்தது. வாங்கியவர்கள் ஸ்கேலை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்த செக் நிறுவனம் மழுப்பாமல் 2016-இல் அச்சையே புதிதாகச் செய்து வெளியிட்டது. ஒரு கம்பெனி இப்படிச் செய்வது அபூர்வம், மனதாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் பழைய கிட் கைமாற்றுச் சந்தையில் இன்னும் உலவுகிறது. பிரித்தறிய வழி: ஜி-6-இன் இறக்கை நீளம் 9.924 மீட்டர், 1/48-இல் 206.8 மி.மீ. வர வேண்டும். விகிதம் 1/47-க்கு நழுவினாலே அதே இறக்கை 211.1 மி.மீ. ஆகிவிடும். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலே காட்டிக்கொடுக்கும். கூடவே சக்கரத்தையும் புரொப்பெல்லரையும் சரிபாருங்கள்: 660 மி.மீ. டயர் 13.75 மி.மீ., 3 மீட்டர் புரொப்பெல்லர் 62.5 மி.மீ. இந்த இரண்டும் சரியாக இருந்து இறக்கை மட்டும் பெரியதென்றால், பிழை விகிதத்தில் இல்லை, இறக்கையை வரைந்த இடத்தில் இருக்கிறது.

மொத்த நீளத்தை மட்டும் நம்பி எந்தக் கிட்டையும் ஒதுக்காதீர்கள். மிக்-21 நல்ல பாடம். புத்தகங்களில் 15.76 மீட்டர் என்று அச்சாகும் நீளம் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், காற்றுவேகம் அளக்கும் பிடாட் குழாயையும் சேர்த்தது. குழாயைக் கழித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் குறையும். 1/72-இல் அது இரண்டு சென்டிமீட்டர்! குழாய் இல்லாத உடலை அளந்துவிட்டு "கிட் குட்டை" என்பது அநியாயம். மிக்-21-க்கு நம்பகமான எண் இறக்கை நீளமான 7.154 மீட்டர்; 1/72-இல் 99.4, 1/48-இல் 149 மி.மீ.

நம் நாட்டு மிக் செய்ய விரும்புகிறவர்களுக்கு அளவைவிட வகைதான் தொல்லை. நாசிக்கில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டிய எஃப்எல் வகையில் கேனபி (விமானியின் தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடி) முன்பக்கக் கண்ணாடியோடு ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும், உடலுக்குள் பீரங்கி கிடையாது. பின்னால் வந்த எம், பிஸ் வகைகளில் முன்கண்ணாடி தனியாக நிற்கும், கேனபி வலப்பக்கம் திறக்கும், வயிற்றில் இரட்டைக்குழல் பீரங்கி இருக்கும். 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெற்றவை பிஸ் வழி வந்தவை. பெட்டியில் இந்திய வட்டச் சின்ன டீகால் (ஒட்டுப்படம்) இருக்கிறது என்பதற்காக உள்ளே எஃப்எல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கண்ணாடித் துண்டுகள் இருக்கும் ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டகத்தை) பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கிட்டை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பிரிண்ட் எடுத்த வரைபடம் பாதி நேரம் பொய் சொல்லும். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு பிரிண்டரில் இருந்தால் படம் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கி வரும். வரைபடத்தில் உள்ள அளவுக்கோட்டைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அளந்து, இரண்டும் சரியென்றால் மட்டும் அதன்மேல் துண்டை வையுங்கள். வரைபடம் போட்டவரும் இன்னொரு வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருக்கலாம். அதனால் எண்ணால் சொல்லப்பட்ட அளவு முதலில், நிஜ விமானத்தின் புகைப்படம் அடுத்து, வரைபடம் மூன்றாவது. புகைப்படத்தோடு ஒப்பிட, டேப் போட்ட மாடலை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, ஜூம் செய்து, நிஜப் படத்தின் அதே கோணத்தில் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்து வால் சிறுத்துத் தெரியும். கிட்மேல் வீண்பழி விழும். ஸ்பிட்ஃபயர் என்றால் பார்க்க வேண்டிய இடம், இறக்கையின் பின்விளிம்பு அடிவயிற்றோடு சேரும் மூலை. அங்கே ஒரு மென்மையான வளைவு இறங்கி வரும். அதைத் தட்டையாக விட்ட கிட்டில் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்பிட்ஃபயரின் முகம் வராது.

பேனல் கோட்டுக்கு வருவோம். 1/72-இல் 0.2 மி.மீ. அகலக் கோடு நிஜத்தில் 14 மி.மீ. இடைவெளி. அப்படி எந்த விமானத் தகடும் வாய் பிளந்து நிற்பதில்லை. 0.8 மி.மீ. பின்விளிம்பு என்றால் நிஜத்தில் 58 மி.மீ. தடிப்பு. ஆகவே எல்லாக் கிட்டிலும் கோடு என்பது கண்ணுக்காகப் போட்ட அடையாளம்தான். அதிலும் பி-51 முஸ்டாங் விசேஷம். காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டையும் இணைப்பையும் புட்டி பூசி நிரப்பி, தேய்த்து, வெள்ளி வண்ணம் அடித்தார்கள். அந்த இறக்கையில் வரிசை வரிசையாக ரிவெட் குத்தியிருக்கும் கிட் பார்க்க அழகு, உண்மைக்குத் தூரம். துப்பாக்கிப் பெட்டி மூடிகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் புட்டியால் அடைப்பதே முறை. சக்கரக் குழியையும் கவனியுங்கள்: நிஜ முஸ்டாங்கில் குழி பின்னால் முதன்மைச் சட்டம் வரை நேராகப் போகும். பல கிட்களில் கதவின் வளைவைப் பின்பற்றிச் சுவர் எழுப்பியிருப்பார்கள்.

இனி பூர்வீகம். பெட்டியில் உள்ள பெயர் விற்கிறவரின் பெயர். அச்சு யாருடையது என்பது வேறு கதை. ஜெர்மன் ரெவெல் பெட்டியில் சொந்த அச்சும் இருக்கும், ஹசெகாவா, மேட்ச்பாக்ஸ், மோனோகிராம், இத்தாலெரி அச்சும் இருக்கும். தமியா 1/72 பெட்டிகள் சிலவற்றில் இத்தாலெரி கிட் வரும். பிரிட்டனின் ஃப்ராக் 1936-இலேயே 1/72-இல் விமானக் கிட் விற்ற நிறுவனம். அது 1970-களின் பிற்பாதியில் மூடியபோது, இரண்டாம் உலகப்போரில் ஒரே அணியில் இருந்த ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளின் விமானங்களுக்கான அச்சுகள் பெரும்பாலும் ரெவெலுக்கும், மற்றவை சோவியத் நாட்டுக்கும் போயின. அங்கே நோவோ என்ற பெயரில் வந்து, பிறகு ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் போன்ற பெட்டிகளில் இன்றும் தலைகாட்டுகின்றன. பெட்டிப் படம் பளபளவென்று இருக்கும். உள்ளே இருப்பது அறுபது வருட வயது. "இந்த நாட்டில் தயாரிக்கப்பட்டது" என்ற வரியும் பிளாஸ்டிக் எங்கே வார்க்கப்பட்டது என்பதைத்தான் சொல்லும். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் ஏர்ஃபிக்ஸ் கிட்கள் பல இந்தியாவில் வார்க்கப்பட்டன. அவற்றின் வடிவமைப்பு இங்கிலாந்தில் நடந்தது.

பிளாஸ்டிக்கே பூர்வீகம் சொல்லும். கீழ் இறக்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: வருடம், நாடு, சில சமயம் பழைய கம்பெனியின் பெயர் புடைப்பாக இருக்கும். பெயரை அழித்திருந்தால் அந்த இடத்தில் சுற்றியுள்ளதைவிட வேறு பளபளப்பில் ஒரு சின்ன நீள்சதுரம் தெரியும். அச்சில் செருகிய தகட்டின் தடம் அது. பாகங்களின் ஓரத்தில் தாள்போல் மெல்லிய பிசிறு நிறைய இருந்தால் அச்சு தேய்ந்திருக்கிறது. இணைப்பு ஊசிகளே இல்லை, ஸ்ப்ரூவின் காம்பு பென்சில் தடிமனில் பாகத்தோடு ஒட்டியிருக்கிறது என்றால் குறைந்த எண்ணிக்கைக்குச் செய்த அச்சு. செக் நாட்டின் சிறு நிறுவனங்களின் பாணி. இவை வடிவத்தில் பெரும்பாலும் அக்கறையானவை, ஒட்டுவதற்குத்தான் உழைப்பு கேட்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் பின்னால் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் சிறு தாங்கல் வெட்டி ஒட்டினால் பாதித் தலைவலி போகும்.

எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி, பகிரப்பட்ட பிழை. இரண்டு ஏட்டுச்சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் ஒரே மூலம் என்று பதிப்பாசிரியர் கொள்வார். கிட்டிலும் அப்படியே. ஏர்ஃபிக்ஸ் 1950-களில் வெளியிட்ட முதல் 1/72 ஸ்பிட்ஃபயர், அமெரிக்க அரோரா நிறுவனத்தின் 1/48 கிட்டைச் சுருக்கிச் செய்தது. மூலத்தின் குறையெல்லாம் அப்படியே கூட வந்தது. இரண்டு பெட்டிகளில் ஸ்ப்ரூ அமைப்பு வேறாக இருந்து, இல்லாத ஒரு மூடி இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் உறவு நிச்சயம். நகலெடுத்ததில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். பாகத்தையே மாதிரியாக வைத்து அச்செடுத்திருந்தால் மறுபடியும் ஒருமுறை சுருங்கி, அரை சதவீதம் வரை சிறுத்தும் இருக்கும்.

கைமாற்றில் வாங்கும்போது, கிட்களின் வரலாற்றைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் அந்தக் கிட்டின் காலவரிசையைப் பாருங்கள். "புதிய அச்சு" என்று எந்த வருடம் இருக்கிறதோ அதுதான் கிட்டின் வயது. "புதிய பெட்டி", "புதிய டீகால்" என்பவை வயதைக் குறைக்காது. டீகால் தாளின் வருடத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள், ஒவ்வொரு மறுவெளியீட்டுக்கும் அது மாறும். விற்கிறவரிடம் மூன்று படம் கேளுங்கள்: கீழ் இறக்கையின் உட்புறம், கண்ணாடித் துண்டுகள் உள்ள ஸ்ப்ரூ, ஓரத்தில் ஸ்கேலை வைத்து நேர் மேலிருந்து எடுத்த முழு இறக்கை.