வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி: வசூலில் கெட்டி, சட்டத்தில் ஆபத்து (5க்கு 2)

மேடவாக்கத்தில் அம்மா பெயரில் இருக்கும் மாடி வீட்டை ஒரு ஏஜென்சியிடம் விட்டிருக்கிறோம். ஆள் பிடிப்பது, ஒப்பந்தம் போடுவது, போலீஸ் சரிபார்ப்பு, வாடகை வசூல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை, குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் மறுநாளே பிளம்பர் வந்துவிடுவார். அந்த இரண்டு நட்சத்திரம் இதற்குத்தான்.

குடியிருப்பவரைக் கஞ்சா வழக்கில் போலீஸ் பிடித்தபோதுதான் இவர்கள் லட்சணம் தெரிந்தது. கைது நடந்தது வேறு ஊரில், வண்டியில் வைத்து. எங்கள் வீட்டில் எதுவும் சிக்கவில்லை. மேலே அவர் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். செய்தி தெரிந்ததும் வந்த ஏஜென்சி ஆள், "அம்மா, நீங்க எதுவும் பேச வேணாம், சாயங்காலத்துக்குள்ள காலி பண்ண வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, நேராகப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கேரியரில் கை வைத்தார். "தம்பி, கையை எடுப்பா, மேல பிள்ளைங்க இருக்கு" என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் விட்டார். உடனே ஒப்பந்தத்தை நீட்டினார். குற்ற வழக்கில் சிக்கினால் 24 மணி நேரத்தில் காலி, அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்று அதில் ஒரு ஷரத்து.

தெரிந்த வக்கீலிடம் கொண்டுபோனேன். படித்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி தண்ணீர், கரண்டை வீட்டுக்காரர் நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் குடியிருப்பவரின் மனைவி வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். ஆளை வெளியேற்ற வாடகை நீதிமன்றம்தான் உத்தரவு போட வேண்டும், பூட்டைப் போட்டுவிட்டு வர முடியாது. அட்வான்ஸில் பாக்கி, சேதம் போன்றவற்றைத்தான் கழிக்கலாம், மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கைது என்பது தண்டனையும் இல்லை, வாடகை வேறு ஒழுங்காக வருகிறது. இதுவே வீட்டுக்குள் வைத்து விற்றிருந்தால் கதை வேறு: சட்டவிரோத காரியத்துக்கு வீட்டைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, அதன் பிறகும் தொடர்ந்தால் அந்தக் காரணத்தைக் காட்டியே நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம்.

அம்மாவுக்கு இருந்த பயம் வேறு, நம்மையும் வழக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று. அது நியாயமான பயம்தான். போதைப்பொருள் சட்டத்தின் 25வது பிரிவில் வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு, ஆனால் தெரிந்தே இடம் கொடுத்தவருக்குத்தான். அதனால் ஏதாவது கண்ணில் பட்டால் மூடி மறைக்காமல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, நகல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் வக்கீல்.

சரிபார்ப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதிலிருந்து சென்னையில் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை போகவில்லை, அதை வைத்துத்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள். சரிபார்ப்புக்கு என்று எங்களிடம் 3,500 ரூபாய் வாங்கினார்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் அதைவிடக் குறைந்த கட்டணத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். அந்த அறிக்கை பழைய வழக்கு இருக்கிறதா என்று காட்டும், நாளைக்கு என்ன செய்வார் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. "கிரிமினல் வராத வீடு, கேரண்டி" என்று நோட்டீஸில் அச்சடித்து விற்பது ஏமாற்று.

அந்தக் குடும்பம் இன்னும் மாடியில்தான் இருக்கிறது, வாடகையைக் குடியிருப்பவரின் மனைவியே ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறார். வசூலுக்கும் ரிப்பேர் வேலைக்கும் இந்த ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். ஒப்பந்தத்தை மட்டும் உங்கள் வக்கீலிடம் எழுதி வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள், இவர்கள் தரும் அச்சடித்த தாளில் கையெழுத்து போட வேண்டாம்.