வியட்நாம் சைக்கிள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

ஹுவேயில் தொடங்கி ஹாய் வான் கணவாய் ஏறி இறங்கி, டா நாங் வழியாக ஹோய் ஆன் வரை வழிகாட்டியுடன் சைக்கிள் பயணம். மத்திய வியட்நாமில் பல நிறுவனங்கள் விற்பது இந்தப் பாதையைத்தான். அழகான பாதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்களிடம் பணம் வாங்கிய நிறுவனத்தின் அலட்சியத்தால் எங்கள் குழுவில் இருந்த அக்கா ஒருவர் மணிக்கட்டு முறிந்து ஊர் திரும்பினார். பெயரைப் போடவில்லை. இதே மாதிரி இன்னும் பலர் நடத்துகிறார்கள் என்று அங்கே போன பிறகு தெரிந்தது, அதனால் எப்படி நடக்கிறது என்பதையே சொல்கிறேன்.

எங்களோடு மாதக்கணக்கில் பேசி, படம் போட்ட பயணத்திட்டம் அனுப்பி, முன்பணம் வாங்கிய நிறுவனத்துக்கு அங்கே சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. வேலையை ஹுவேயில் ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள். அவர் சைக்கிளை ஒரு வாடகைக் கடையில் எடுத்தார், வேனை வேறொருவரிடம் பேசினார், வழிகாட்டியை முந்தின நாள் மாலை போனில் பிடித்தார். ஒவ்வொரு கைக்கும் கமிஷன் போக, சாலையில் எங்களுக்கென்று செலவழிக்க மிஞ்சியது சொற்பம். இதையெல்லாம் சொன்னதே அந்த வழிகாட்டிப் பையன்தான். கல்லூரி மாணவன், நாள் கூலிக்கு வந்தவன். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வியட்நாமில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுலாச் சட்டப்படி, வெளிநாட்டவரை அழைத்துப்போகும் நிறுவனத்துக்குத் தனி உரிமம் வேண்டும், வழிகாட்டிக்கு அரசு கொடுத்த அட்டை வேண்டும். அவனிடம் அட்டை இல்லை.

எல்லோருடைய உயரத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார்கள். வந்து இறங்கியதோ எல்லாம் ஒரே அளவு சைக்கிள். ஐந்தடி உயர அக்காவுக்கும் ஆறடியை நெருங்கும் எனக்கும் ஒரே ஃபிரேம். எனக்காக சீட் தண்டை, அதற்கு மேல் இழுக்கக்கூடாது என்று போட்டிருக்கும் கோடு வெளியே தெரியும்வரை இழுத்து மாட்டினார்கள். அக்காவின் சைக்கிளில் பின் பிரேக் கட்டை தேய்ந்து, வரிப்பள்ளமே இல்லாமல் வழவழவென்று இருந்தது. முன் கட்டை ஒரு பக்கம் ரிம்மை விட்டு நழுவி டயரை உரசிக்கொண்டிருந்தது. மாற்றச் சொன்னோம். “வேனில் புதுக் கட்டை இருக்கிறது, கணவாய்க்கு முன்னால் மாற்றிவிடலாம்” என்று சொல்லி, அந்த அவசரத்திலேயே ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பயணத்திட்டத்தில் இருந்தது கடலுக்கும் டாம் ஜியாங் காயலுக்கும் நடுவே போகும் கிராமத்துச் சாலை. மீன் வலைகள், மணல்மேட்டுக் கல்லறைகள், ஆள் நடமாட்டம் குறைந்த வழி. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். கூட்டிப் போனதோ லாரிகள் உரசிப்போகும் தேசிய நெடுஞ்சாலை 1. காரணம் கேட்டால், வேன் டிரைவருக்கு மற்ற வழி தெரியாதாம்.

அப்புறம் ஹாய் வான். கணவாய்ச் சாலை சுமார் 21 கிலோமீட்டர், உச்சி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். மலைக்குள்ளே ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை 2005-இல் திறந்த பிறகு பேருந்துகளும் பெரும்பாலான லாரிகளும் அதற்குள் போய்விடுகின்றன. சைக்கிளுக்கு உள்ளே அனுமதி இல்லை, மலைமேல்தான் போக வேண்டும். அதனால் பின்னாலேயே ஒரு வேன் வருவது இங்கே ரொம்ப முக்கியம். தண்ணீர், மருந்துப்பெட்டி, உதிரிப் பாகம், முடியாதவரை ஏற்றிக்கொள்ள இடம், எல்லாம் அதில்தான். எங்கள் வேன், கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் லாங் கோ என்ற ஊரிலிருந்து சுரங்கம் வழியாக டா நாங் பக்கம் போய் நின்றுகொண்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாற்றித் தருவதாகச் சொன்ன பிரேக் கட்டையும் அதோடு போய்விட்டது.

உச்சியில், 1826-இல் மின் மாங் பேரரசர் காலத்தில் கட்டிய பழைய வாயில் அருகே நின்றபோது தூறல் தொடங்கியது. பையன் சைக்கிளில் வரவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் இறங்கிவிட்டான். கீழே வரும்போது ஒரு வளைவில் அக்கா பிரேக்கை அழுத்த, லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டியதே தவிர வண்டி நிற்கவில்லை. நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் சாயாமல் மலையோரச் சாக்கடையில் விழுந்தார். பின்னால் வேன் இல்லை, மருந்துப்பெட்டி இல்லை. அந்த வழியாகக் காரில் வந்த ஒரு வியட்நாமியக் குடும்பம்தான் அவரை டா நாங் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. (அங்கே ஆம்புலன்ஸ் எண் 115. போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) நிறுவனத்துக்குப் போன் செய்தால், காலையில் போட்ட கையெழுத்துப்படி எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார்கள்.

மி சோனுக்கும் போகவில்லை. மத்திய வியட்நாமை ஆண்ட சாம் மன்னர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து எழுப்பிய சிவன் கோயில்கள் அவை. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது 2020-இல் ஒரே கல்லில் செதுக்கிய சிவலிங்கம் கிடைத்தது. எங்களில் சிலர் வந்ததே அதைப் பார்க்கத்தான். நுழைவுச்சீட்டுக்கும் சேர்த்தே பணம் வாங்கியிருந்தும் “நேரமில்லை” என்று ஹோய் ஆனில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மாதத்தையும் சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசியில் வரச் சொன்னதே அவர்கள்தான், குளிர்ச்சியாக இருக்குமாம். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்களில்தான் அந்தக் கடற்கரையிலும் மழை வெளுக்கும், ஹோய் ஆன் தெருக்களில் ஆற்று வெள்ளம் ஏறும். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரைதான் அங்கே மழை குறைவு. ஆட்கள் வராத மாதத்தை நம் தலையில் கட்டுகிறார்கள்.

முன்பணம் கார்டில் போனது, மீதியை டாலர் நோட்டாக வாங்கினார்கள். கார்டில் கட்டியதற்கு வங்கியில் புகார் கொடுத்து, பயணத்திட்டத்தையும் படங்களையும் இணைத்ததில் அந்தத் தொகை திரும்ப வந்தது. ரொக்கத்துக்கு ரசீது கேட்டும் தரவில்லை, அது போனதுதான். எனவே யார் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் மீதியையும் கார்டிலேயே கட்டுங்கள். பணம் போகும் முன்னால் நிறுவனத்தின் உரிம எண்ணையும் வழிகாட்டியின் அட்டை எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். சைக்கிள் யாருடையது, வழிகாட்டி நம்மோடு மிதிப்பாரா, வேன் கணவாய் முழுக்கப் பின்னால் வருமா என்று நேராகக் கேளுங்கள். சொந்தமாக நடத்துகிறவர் ஃபிரேம் அளவோடு அன்றே பதில் சொல்லிவிடுவார். “எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்” என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். காப்பீடு எடுக்கும்போது மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டுவது அதில் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவின் மருத்துவச் செலவை ஏற்க முதலில் மறுத்த காப்பீட்டு நிறுவனம், அப்படி ஒரு மின்னஞ்சல் இருந்ததால்தான் கடைசியில் கொடுத்தது.